இந்த வாரம் முழுக்க ‘மா’

போன இதழில் ஓரெழுத்துச் சொற்களைப் பற்றி எழுதும்போது, நன்னூல் சொல்லும் நாற்பத்திரண்டையும் வரிசையாகப் போட்டுவிட்டு ‘மா’வை ஒரே வரியில் கடந்துபோய்விட்டேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். சரி, இந்த வாரம் வேறு சொல் வேண்டாம்.

என் பேத்தி சிங்கப்பூரில் சீனம் படிக்கிறாள். ‘நீ ஹாவ் மா’ என்றால் ‘நலமா’ என்று பொருளாம். நம் ‘நலமா’வும் அதே ‘மா’வில்தானே முடிகிறது? இரண்டுக்கும் உறவு உண்டா?
– கோவை வாசகி

உறவு இல்லை. ‘நலமா’ என்பதைப் பிரித்தால் நலம் + ஆ. கேள்வி கேட்பது ‘ஆ’. ‘ம்’ நலத்தின் சொத்து. சரியா, வீடா, நீயா என்று சொல்லிப் பாருங்கள், ‘மா’ காணாமல் போய்விடும். சீனத்தில் அப்படி இல்லை. அங்கே ‘மா’ முழுதாக ஒரு தனிச்சொல், வாக்கியத்தின் கடைசியில் வந்து அதைக் கேள்வியாக்குகிறது.

பேத்தி இன்னொன்றையும் படித்திருப்பாள். சீனத்தில் குரலை எப்படி ஏற்றி இறக்குகிறோம் என்பதில்தான் பொருள் இருக்கிறது. உயர்ந்த குரலில் இழுத்தால் அம்மா. கீழிருந்து மேலே ஏற்றினால் சணல் வகைச் செடி. இறக்கி ஏற்றினால் குதிரை. சட்டென்று இறக்கினால் திட்டுதல். அவளை அந்த எழுத்துகளை எழுதிக் காட்டச் சொல்லுங்கள். குதிரைக்கான எழுத்தின் பக்கத்தில் ‘பெண்’ சேர்ந்தால் அம்மா, ஒரு ‘வாய்’ சேர்ந்தால் அந்தக் கேள்விச் சொல், மேலே இரண்டு வாய் சேர்ந்தால் திட்டுதல். குதிரை அங்கே ஒலிக்காக மட்டும் நிற்கிறது. எனக்கு ஒரு மாணவன் இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டிய நாளில் வகுப்பு முடிந்தும் நான் பலகையை அழிக்கவில்லை.

தாய்லாந்திலும் இதே கதை. குரலை மாற்றினால் ‘வா’, ‘குதிரை’, ‘நாய்’ மூன்றும் ‘மா’தான்.

அப்படியானால் தமிழிலும் குதிரைக்கு ‘மா’ என்று பெயர் இருக்கிறதே? சீனக் குதிரையும் நம் குதிரையும் ஒன்றா?
– மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்

நல்ல கேள்வி. இதில் பலர் வழுக்கி விழுகிறார்கள். தமிழில் ‘மா’வுக்கு முதல் பொருள் விலங்கு. அரிமா என்றால் சிங்கம், ஆமா என்றால் காட்டுப்பசு, கையுள்ள விலங்கு கைம்மா, அதாவது யானை. பரிமா குதிரை. இந்தப் பொதுப் பெயர்தான் போர்க்களத்துப் பாட்டுகளில் தனியாக நின்று குதிரையைக் குறிக்கலாயிற்று. திருவள்ளுவர் தீ நட்பைப் பற்றிச் சொல்லும்போது ‘கல்லாமா அன்னார்’ என்கிறார் (குறள் 814). போர்க்களத்தில் வீரனைக் கீழே தள்ளிவிட்டு ஓடும் பழக்கப்படாத குதிரை அது. சீனத்து மா தொடக்கம் முதலே குதிரை. நம்முடையது சிங்கத்தையும் யானையையும் சேர்த்து மேய்த்த சொல். ஒலி ஒத்துப்போனால் உறவு என்று முடிவுகட்டக் கூடாது. சொல் எந்த வழியாக, யார் கையில் வந்தது என்று காட்ட முடிய வேண்டும்.

அப்படிக் காட்ட முடிந்த ‘மா’ ஏதாவது உண்டா?
– அதே மாணவர், அடுத்த கடிதத்தில்

உண்டு, மாங்காய். மா என்ற மரத்தின் காய். மலையாளத்தில் ‘மாங்ங’. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்த பிறகு போர்ச்சுகீசியர் இந்தக் கரையில் நிலைகொண்டார்கள். அவர்கள் வாயில் அது ‘மாங்கா’. மலாய்க்காரர்களும் ‘மங்கா’ என்கிறார்கள். ஐரோப்பாவுக்கு எந்த வாய்வழி போனாலும் மூலம் இந்தத் தெற்கத்திக் காய்தான். ஆங்கிலத்தில் அது ‘மேங்கோ’ ஆயிற்று.

எனக்கு ரொம்பப் பிடித்தது அதற்கு அப்புறம் நடந்தது. கப்பலில் மாதக்கணக்காகப் பழம் தாங்காது, ஊறுகாய் தாங்கும். அதனால் இங்கிலாந்தில் பலருக்கு மேங்கோ என்றாலே ஊறுகாய். பிறகு எந்தக் காயைக் கீறி, மசாலா அடைத்து, காடியில் ஊறப்போட்டாலும் அதற்கு மேங்கோ என்று பெயர் வந்துவிட்டது. அமெரிக்காவில் ஒஹையோ, இந்தியானா பக்கத்துப் பழைய ஆட்கள் குடைமிளகாயையே மேங்கோ என்பார்கள். நம் தோப்பில் காய்த்த சொல், மாமரம் முளைக்காத குளிர்நாட்டில் குடைமிளகாய்க்குப் பெயராகியிருக்கிறது. ஜப்பானியப் படக்கதை ‘மங்கா’வை இதோடு சேர்க்காதீர்கள், அது தோன்றியபடி வரைந்த படம் என்ற பொருளில் அவர்களுடைய சொல்.

தாத்தா காலத்துப் பத்திரத்தில் ‘நன்செய் மூணு மா’ என்று இருக்கிறது. எத்தனை சென்ட்?
– மன்னார்குடி வாசகர்

தஞ்சைக் கணக்கில் பன்னிரண்டடிக் கோலால் நாற்புறமும் அளந்தால் ஒரு குழி, 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. ஆக, ஒரு மா ஏறத்தாழ 33 சென்ட். உங்கள் மூணு மா ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் கோலின் நீளம் ஊருக்கு ஊர் மாறும். சர்வே எண்ணை வைத்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இருபதில் ஒன்று என்பதுதான் இந்த ‘மா’வின் உயிர். பழைய எண்சுவடியில் மா என்றால் 1/20. காணி என்றால் 1/80. இரண்டையும் கூட்டினால் 5/80, அதாவது 1/16. அதற்குப் பெயர் மாகாணி! பெயரைச் சொன்னாலே கூட்டல் முடிந்துவிடுகிறது. என் அப்பா பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. களத்துமேட்டில் நெல் பங்கு பிரிக்கும்போது அரைமா, இருமா, மும்மா என்று விரல் கணுக்களில் கட்டைவிரலை ஓட்டி முடித்துவிடுவார். நான் காகிதத்தில் பகுதி, தொகுதி எழுதிக்கொண்டிருப்பேன். அந்த வாய்பாடு என்னிடம் முழுதாக வந்து சேரவில்லை என்பது இன்றும் எனக்கு வருத்தம். உங்கள் வீட்டில் எண்பது வயதைத் தாண்டியவர்கள் யாராவது சொல்லக்கூடியவர்கள் இருந்தால், தயவுசெய்து இந்த மாதமே போனில் பதிவு செய்து வையுங்கள்.

ஃபின்லாந்து மொழியிலும் ‘மா’ என்றால் நிலம். எழுதப்போகிறீர்கள் என்று தெரிந்து முன்கூட்டியே சொல்கிறேன்: அதுவும் தற்செயல்.

பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர்கள் ‘மா இல்லு’, ‘மன ஊரு’ என்று மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். இரண்டும் ‘நம்’ தானே?
– ஓசூர் வாசகி

இல்லை. ‘மா’ எங்கள், ‘மன’ நம். கேட்பவரை வெளியே நிறுத்தினால் மா, உள்ளே சேர்த்தால் மன. உங்களிடம் ‘மன ஊரு’ என்று சொன்னால் உங்களையும் சேர்த்துக்கொண்டார்கள் என்று பொருள்.

கீதையில் ‘மா சுச:’ என்று வருகிறது. மாதவன் என்ற பெயரிலும் மா. ஒரே மாவா?
– ஸ்ரீரங்கம் வாசகர்

வேறு வேறு. முதலாவது ‘வேண்டாம்’: வருந்தாதே என்கிறான் கண்ணன். இரண்டாவது திருமகள், மா + தவன், திருமகளின் கணவன். வால்மீகி வேடனைச் சபித்த ‘மா நிஷாத’ என்ற தொடரில் உரைகாரர்கள் இந்த இரண்டையும் வைத்துப் பொருள் சொல்லியிருக்கிறார்கள். ‘வேடனே, வேண்டாம்’ என்பது சாபம். ‘திருமகள் உறைபவனே’ என்று பிரித்தால் அதே சொற்கள் திருமாலுக்கு வாழ்த்து.

நாங்கள் ‘மா’ என்கிறோம், நீங்கள் ‘மாவு’ என்கிறீர்கள். எது சரி?
– யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகி

உங்களுடையது பழைய வடிவம். பூ பேச்சில் பூவு ஆவதுபோல எங்கள் பக்கம் ‘மா’ ‘மாவு’ ஆகிவிட்டது. ஆனாலும் மாக்கோலம் என்று சொல்லும்போது உங்கள் ‘மா’ எங்கள் வாசலிலும் இருக்கிறது.

1984இல் திருச்சியில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பம் குடிவந்தது. வந்த மறுநாள் காலை அந்த வீட்டுப் பெண் வாசலில் நின்று, “அக்கா, கொஞ்சம் மா தருவீங்களோ?” என்றார். அம்மா உள்ளே போய் ஒரு தூக்கு நிறைய இட்லி மாவைக் கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் வீட்டில் வெறும் மாவு என்றால் அரைத்துப் பொங்கவைத்ததுதான். அவர் கேட்டது புட்டுக்கு உலர்ந்த அரிசி மா. புரிந்ததும் அம்மா பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் ஆறவிட்டு, இடித்துச் சலித்துக் கொடுத்தார். அந்தப் பெண் எங்கள் அடுப்பிலேயே இரும்புச் சட்டியைப் போட்டு, கருகவிடாமல் கிளறி வறுத்தார். பதம் வந்துவிட்டதா என்று அம்மா கேட்டார். அவர் ஒரு சிட்டிகை எடுத்துத் தரையில் விரலால் இழுத்தார். கோடு எங்கேயும் அறுபடாமல் ஓடியது. “கோலம் போட வந்தால் சரி” என்றார் அம்மா. “ஓம் அக்கா, எங்கட அம்மாவும் அப்பிடித்தான் சொல்லுறவ” என்றார் அவர்.