கை மெலிகிறது, தொப்பை அப்படியே இருக்கிறது: வாசகர் கேள்வி-பதில்

வயது 42, ஐடி வேலை. இரண்டு மாதத்தில் 84 கிலோவிலிருந்து 75-க்கு வந்துவிட்டேன். காலையில் ஓட்ஸ், மதியம் வெள்ளரி-கேரட் சாலட், இரவு பழம். தினமும் ஒன்றரை மணி நேரம் நடை. சட்டை தோளில் தொங்குகிறது, தொப்பை மட்டும் போகவில்லையே? (வேளச்சேரி வாசகர்)

உங்கள் பட்டியலில் புரதத்தையும் காணோம், பாரம் தூக்குவதையும் காணோம். சாப்பாட்டைக் குறைத்தால் உடல் கொழுப்பை மட்டும் பார்த்து எரிப்பதில்லை. உணவுக் குறைப்பு மட்டும் என்றால், குறைகிற எடையில் சுமார் கால் பங்கு கொழுப்பல்லாத எடையாக (தசை, நீர் போன்றவை) போய்விடும். தசைப் புரதம் தினமும் உடைகிறது, தினமும் புதிதாகக் கட்டப்படுகிறது. தசைக்கு வேலையும் இல்லை, தட்டில் புரதமும் இல்லை என்றால் உடைவது ஓங்கிவிடும். நடை இதயத்துக்கு நல்லதுதான். ஆனால் தோளுக்கும் கைக்கும் அதில் வேலை ஏது?

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடந்தது, 2016-ல் வெளியானது. பருமனான இளைஞர்களுக்கு 4 வாரம் கலோரியை 40 சதவீதம் குறைத்து, வாரம் 6 நாள் கடும் பயிற்சி கொடுத்தார்கள். கிலோ எடைக்கு 2.4 கிராம் புரதம் சாப்பிட்டவர்களுக்குக் கொழுப்பல்லாத எடை 1.2 கிலோ கூடியது. எனக்கு முக்கியமாகப் படுவது 1.2 கிராம் மட்டும் சாப்பிட்ட மற்றக் குழு. அவர்களுக்குக் கூடவில்லை, ஆனால் அவ்வளவு பட்டினியிலும் குறையவும் இல்லை.

நீங்கள் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வைத்துக்கொள்ளுங்கள். அதாவது 90 முதல் 120 கிராம். வாரம் மூன்று நாள் பஸ்கி, தண்டால், டம்பிள்ஸ். ஒவ்வொரு சுற்றிலும் கடைசி இரண்டு முறை கொஞ்சம் திணற வேண்டும். திணறவில்லை என்றால் எடையைக் கூட்டுங்கள். வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் போதும். தொப்பையில் மட்டும் கொழுப்பைக் கரைக்கும் வழி எதுவும் கிடையாது; மொத்தக் கொழுப்பு குறையும்போது அதுவும் தானாக இறங்கும்.

நாங்கள் சைவம். தினமும் சாம்பார், ரசம், தயிர் உண்டு. பருப்பு சேர்கிறதே, புரதம் போதாதா? (கும்பகோணம் வாசகி)

போதாது. ஒரு கணக்குப் போடுவோம். நான்கு பேருக்கு, இரண்டு வேளைக்கு 100 கிராம் துவரம்பருப்பு போட்டுச் சாம்பார் வைக்கிறீர்கள். அந்தப் பருப்பில் இருப்பது சுமார் 22 கிராம் புரதம். எட்டாகப் பிரித்தால் ஒருவருக்கு ஒரு வேளைக்கு மூன்று கிராம்கூட வராது! ரசத்தில் அதுவும் இல்லை. சாம்பார் நல்ல குழம்புதான், ஆனால் அதைப் புரத உணவு என்று கணக்கில் எழுதாதீர்கள்.

கெட்டிப் பருப்பாகச் சாப்பிடுங்கள். சுண்டல் நவராத்திரிக்கு மட்டும் என்றில்லாமல் வாரம் நான்கு நாள் இருக்கட்டும். 50 கிராம் காய்ந்த கொண்டைக்கடலையில் சுமார் 10 கிராம் கிடைக்கும். 100 கிராம் பனீரில் சுமார் 18. எல்லாவற்றையும் மிஞ்சுவது மீல் மேக்கர்: உலர்ந்த 50 கிராமிலேயே 25 கிராம் புரதம், விலையும் குறைவு. ஏனோ நம் வீடுகளில் அதைப் பிரியாணிக்கு மட்டுமே ஊறவைக்கிறார்கள். வேர்க்கடலையில் புரதம் உண்டு, ஆனால் 100 கிராமுக்கு 560 கலோரிக்கு மேல் வரும்; எடை குறைப்பவர் ஒரு கைப்பிடியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அப்புறம், சோற்றை அடியோடு விட வேண்டாம். பாதியாக்கி, அந்த இடத்தில் பருப்பையும் காயையும் வையுங்கள்.

அப்பாவுக்கு 68 வயது, சர்க்கரை உண்டு. டாக்டர் எடை குறைக்கச் சொன்னதும் இரவுச் சாப்பாட்டையே நிறுத்திவிட்டார். இப்போது தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சிரமப்படுகிறார். (திருநெல்வேலி வாசகர்)

இரவுச் சாப்பாட்டை இன்றே திரும்பக் கொடுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் ஒரு வேளையை விட்டால் தாழ்சர்க்கரை வரும் அபாயமும் இருக்கிறது. உணவு மாற்றத்தை டாக்டரிடம் சொல்லி, மருந்தின் அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் தசைத் திறன் குறைந்திருக்கலாம். இது வயதானவர்களின் தசை இழப்பை ஆராயும் ஆசிய நிபுணர் குழு 2019-ல் வகுத்த அளவு. அந்தச் சோதனையையே பயிற்சியாகவும் வைத்துக்கொள்ளலாம்: எட்டெட்டு முறையாக, நாளுக்கு இரண்டு சுற்று. சுவரில் கை ஊன்றித் தள்ளுவதையும் சேர்த்துக்கொள்ளலாம். இந்த வயதில் தசை புரதத்தை மந்தமாகவே ஏற்கும் என்பதால், ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று வேளைக்கும் முட்டை, மீன், தயிர், பருப்பு என்று பிரித்துக் கொடுங்கள். அவருக்கு எடை இன்னும் மெதுவாகக் குறைந்தாலும் பரவாயில்லை.

புரோட்டீன் பவுடர் கிட்னியைக் கெடுக்குமா?

சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு ஒரு ஸ்கூப் பவுடரால் பாதிப்பு வருவதாகச் சான்று இல்லை. ஏற்கெனவே கிட்னிக் கோளாறு உள்ளவர், நீண்டகாலச் சர்க்கரை உள்ளவர் கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், சிறுநீரில் அல்புமின் இரண்டையும் பார்த்துவிட்டு டாக்டரைக் கேட்டுத்தான் புரதத்தைக் கூட்ட வேண்டும். மற்றபடி அது பெரும்பாலும் வெறும் பால் புரதம்தான். முட்டை சாப்பிட முடிகிறவர் அந்தக் காசை மிச்சப்படுத்தலாம்.

எடை குறைக்கும் ஊசி போடுகிறேன். பசியே இல்லை. தசை போய்விடுமா?

போகலாம். இந்த வகை ஊசி மருந்தான செமாகுளூடைட் பற்றிய ஆய்வு ஒன்றில் ஒரு பகுதியினரை ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, குறைந்த எடையில் சுமார் 40 சதவீதம் கொழுப்பல்லாத எடை. அது முழுக்கத் தசை அல்ல, நீரும் அதில் சேர்த்தி. இருந்தாலும் அலட்சியப்படுத்த வேண்டாம். பசி இல்லாதபோது நான்கு வாய்தான் இறங்கும் என்றால், முதல் வாய் முட்டையோ பனீரோ மீனோவாக இருக்கட்டும், சோறு கடைசியில். டம்பிள்ஸை ஊசியோடு சேர்த்தே தொடங்குங்கள். வாந்தியால் சாப்பாடே இறங்கவில்லை என்றால் டோஸைக் கூட்டாமல் டாக்டரிடம் பேசுங்கள்.

ஜிம்மை நிறுத்தினால் தசை கொழுப்பாக மாறுமா?

மாறாது. இரண்டும் வேறு வேறு திசு. ஜிம்மை விட்ட பிறகும் அதே அளவு சாப்பிடுவதுதான் பிரச்சினை.

வீட்டு ஸ்மார்ட் எடை மெஷினில் தசை அளவு காலையில் ஒன்று, மாலையில் ஒன்று காட்டுகிறது. எதை நம்புவது?

இரண்டையும் நம்பாதீர்கள். அது உடலில் லேசான மின்சாரத்தைச் செலுத்தி, கிடைக்கும் தடையை வைத்துக் கணக்கிடுகிறது. தண்ணீர் குடித்தாலும் வியர்த்தாலும் எண் மாறும். மாதம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் போதும். அதைவிட, இடுப்பளவை இஞ்ச் டேப்பில் எடுத்துக் குறித்து வையுங்கள். பக்கத்திலேயே எத்தனை தண்டால் எடுத்தீர்கள் என்றும் எழுதுங்கள். இடுப்பு இறங்கி, தண்டால் குறையாமல் இருந்தால் தசை பத்திரமாக இருக்கிறது.