மோலே சாஸ் கசக்கிறது, சாக்லேட்டைக் குறைக்கட்டுமா?

கேள்வி: மெக்சிகோவின் மோலே பொப்லானோ வீட்டில் செய்தேன். மிளகாய், சாக்லேட் எல்லாம் சொன்னபடி போட்டும் கசக்கிறது. சாக்லேட்டைக் குறைப்பதா, சர்க்கரையைக் கூட்டுவதா?

இரண்டும் வேண்டாம். கசப்பு சாக்லேட்டிலிருந்து வந்திருக்காது. மிளகாயைத் தீய விட்டிருப்பீர்கள். சாம்பார் பொடிக்கு வறுக்கிற பழக்கத்தில், கமறல் கிளம்பி வீடே இருமும் வரை வாணலியில் வைத்திருப்பீர்கள். அதற்குப் பிறகு ஊற வைத்த தண்ணீரையும் வீணாக்க மனசில்லாமல் மிக்சியில் ஊற்றியிருப்பீர்கள். இந்த இரண்டில் ஒன்று போதும், பானை முழுக்கக் கசந்துவிடும்.

முதலில் ஒரு விஷயம். மோலேவை "சாக்லேட் சிக்கன்" என்று தலைப்புப் போட்டுக் காட்டுகிற வீடியோக்கள்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். அது மிளகாய்க் குழம்பு. மெக்சிகோவின் பழங்குடி மொழியான நஹுவாத்தலில் 'மொல்லி' என்றால் குழம்பு, அவ்வளவுதான். வெண்ணெய்ப்பழத்தை மசித்துச் செய்யும் குவாக்கமோலேயில் இருப்பதும் அதே சொல்தான். எட்டுப் பேருக்கான மோலே பொப்லானோவில் உலர்ந்த மிளகாய் 160 கிராம் போகும், சாக்லேட் 45 கிராம் போகும். மெக்சிகோவில் பல மோலேகளில் சாக்லேட்டே கிடையாது. புவெப்லா நகரத்துச் சாந்தா ரோசா மடத்தில் கன்னியர் ஒருவர் அவசரத்தில் கையில் கிடைத்ததையெல்லாம் அரைத்துக் கண்டுபிடித்தார் என்ற கதையைச் சொல்வார்கள். ஓடு பதித்த அந்தச் சமையலறையை இன்றும் போய்ப் பார்க்கலாம். ஆனால் இந்தக் குழம்பில் கையில் கிடைத்ததைப் போட்ட அடையாளம் எதுவும் இல்லை. ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனி வறுவல், தனித்தனி நேரம்.

மிளகாய் மூன்று வகை வேண்டும். முலாத்தோ 75 கிராம், ஆஞ்சோ 50 கிராம், பசீயா 35 கிராம். புகை வாசனைக்குச் சிபோட்லே ஒன்றே ஒன்று. பொப்லானோ என்ற பச்சை மிளகாய் பழுத்து உலர்ந்தால் ஆஞ்சோ. அதே குடும்பத்தில் கறுத்துப் பழுக்கும் வகை உலர்ந்தால் முலாத்தோ. சிலாக்கா என்ற நீள மிளகாய் உலர்ந்தால் பசீயா. ஹாலபேன்யோவைப் பழுக்கவிட்டுப் புகையில் உலர்த்தினால் சிபோட்லே. ஆஞ்சோவில் உலர்திராட்சை வாசனை வரும், முலாத்தோவில் கொக்கோவை ஒட்டிய ஒரு கனம் இருக்கும். குழம்பின் கறுப்பு நிறத்துக்குப் பெரும்பங்கு முலாத்தோதான், சாக்லேட் இல்லை. காரத்தைப் பார்த்தால் இவையெல்லாம் சாது. காரத்தை அளக்கும் ஸ்கோவில் அளவில் ஆஞ்சோ ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் வரைதான். ஹபனேரோ மிளகாய் லட்சத்தைத் தாண்டும். அதனால் 160 கிராம் என்று கேட்டு மிரள வேண்டாம்.

இங்கே கடைக்காரர்கள் மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. கலிபோர்னியாப் பக்கம் பச்சை பொப்லானோவையே பசீயா என்று பலகை வைத்து விற்கிறார்கள். உலர்ந்த ஆஞ்சோ பாக்கெட்டிலும் அதே பெயர் ஒட்டியிருக்கும். பெயரைப் படிக்காதீர்கள், உருவத்தைப் பாருங்கள். அகலமாக, இதய வடிவில் சுருங்கியிருந்தால் ஆஞ்சோ அல்லது முலாத்தோ. கிழித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஆஞ்சோ சிவப்பாகவும் முலாத்தோ காப்பிக்கொட்டை நிறத்திலும் தெரியும். ஒல்லியாக ஒரு சாண் நீளத்தில் கறுத்திருந்தால்தான் பசீயா. மடக்கினால் வளைய வேண்டும். நொறுங்கினால் பழைய சரக்கு, அது எண்ணெயில் பட்ட மாத்திரத்தில் தீயும். தமிழில் சமையல் குறிப்பு மொழிபெயர்க்கிறவர்களிடமும் ஒரு விண்ணப்பம்: ஆங்கிலத்தில் 'பெப்பர்' என்று பார்த்ததும் 'மிளகு' என்று எழுதிவிடாதீர்கள். மிளகைத் தேடிப் போன ஸ்பானியர் மிளகாய்க்கு மிளகின் பெயரை வைத்தார்கள். போர்த்துகீசியர் வழியாக அது நம் பக்கம் வந்தபோது நாமும் மிளகோடு காயைச் சேர்த்துப் பெயர் வைத்தோம். நாமாவது காயை விடாமல் ஒட்டிவைத்தோமே, அதை ஏன் பிய்க்கிறீர்கள்? "மிளகு 6 எண்ணம், விதை நீக்கியது" என்று ஒரு குறிப்பு இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

சரி, வறுவலுக்கு வருவோம். இங்கேதான் எல்லாம் தீர்மானமாகிறது. மிளகாயைக் கழுவ வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தால் போதும். காம்பைக் கிள்ளி, நீளவாக்கில் கிழித்து, விதையையும் உள்ளே ஓடும் வெளிர் நரம்பையும் எடுத்துவிடுங்கள். காரம் இருப்பது நரம்பில்தான். விதைக்கு ஒட்டின காரம் மட்டும். காரம் கூட வேண்டுமென்றால் கொஞ்சம் நரம்பை விட்டுவையுங்கள். எடுத்த விதையில் ஒரு தேக்கரண்டி தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கையுறை இல்லாவிட்டால் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு வேலை செய்து, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காரத்தைத் தரும் கேப்சைசின் எண்ணெயில் கரையும், தண்ணீருக்கு அசையாது.

மெக்சிகோவில் பன்றிக் கொழுப்பில் வறுப்பார்கள். கடலை எண்ணெயிலும் செய்யலாம், குழம்பின் கனம் கொஞ்சம் குறையும். மிதமான சூட்டில் இரண்டு மூன்று துண்டுகளாகப் போட்டு, பக்கத்துக்குப் பத்து விநாடி. பசீயா தோல் மெல்லியது, அதற்கு ஐந்தாறு விநாடி போதும். தோல் கொப்புளித்து, உள்பக்கம் வெளுத்து புகையிலை நிறத்துக்குத் திரும்பும்போதே எடுத்துவிட வேண்டும். வாணலியில் இருக்கும்போது சரியாகத் தெரிந்தால் தட்டுக்கு வரும்போது தாண்டியிருக்கும். வாசனைதான் நல்ல அளவுகோல். உலர்பழமும் காப்பியும் கலந்தாற்போல் மணந்தால் சரி. மூக்கில் ஏறி இருமல் வந்தால் போச்சு. கறுத்துப்போன துண்டை இரக்கம் பார்க்காமல் குப்பையில் போடுங்கள். ஒரே துண்டு இரண்டு லிட்டர் குழம்பைக் கெடுக்கும்.

மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்துக் கறுப்பு மோலேயான மோலே நெக்ரோவில் விதையை வேண்டுமென்றே கருக்குவார்களே என்று ஒருவர் பின்னூட்டத்தில் வருவார் என்று தெரியும். கருக்குவார்கள்தான். ஆனால் அதைப் பல தண்ணீரில் ஊறவைத்து அலசி, அதற்கேற்ற கணக்கோடு சேர்ப்பார்கள். அது வேறு குழம்பு. கவனம் தப்பித் தீய்வதற்கு அதைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

வறுத்ததை வெந்நீரில் அமிழ்த்தி, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து, அரை மணி நேரம். கொதிக்க வைக்க வேண்டாம். பிறகு அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் கொட்டிவிட்டு, கோழி வேகவைத்த தண்ணீரை ஊற்றி அரையுங்கள். கசக்காவிட்டால் அதையே கொஞ்சம் பயன்படுத்தலாம். இந்த ஒரு சொட்டுச் சோதனையைச் செய்யாததால்தான் பலருக்கு அழுகை.

அதே எண்ணெயில் மற்றவை, ஒவ்வொன்றும் தனியாக: பாதாம் 40 கிராம், நிலக்கடலை 40 கிராம் பொன்னிறமாக. உலர்திராட்சை 40 கிராம், உப்பியதும் எடுங்கள். பழுத்த நேந்திரம் பழம் அரை, பழைய தொர்த்தியா (மெக்சிகோவின் சோள ரொட்டி) ஒன்று, ரொட்டித் துண்டு ஒன்று. எள் 60 கிராம் வெறும் சட்டியில், அதில் ஒரு பிடியை மேலே தூவ எடுத்துவைக்கவும். எடுத்துவைத்த மிளகாய் விதையும் எள்ளோடு கடைசியில் அரை நிமிடம். தக்காளி 300 கிராம், அரை வெங்காயம், நாலு பல் பூண்டு மூன்றையும் எண்ணெய் இல்லாமல் தோசைக்கல்லில் புள்ளி விழச் சுட வேண்டும். கிராம்பு மூன்று, மிளகு ஆறு (இது நிஜமாகவே மிளகு), கொத்தமல்லி விதை அரைத் தேக்கரண்டி, சோம்பு கால் தேக்கரண்டி. பட்டை ஓர் அங்குலம், ஆனால் பிரியாணிக்குப் போடும் தடிப் பட்டை இல்லை. மெக்சிகோவில் கனேலா என்றால் இலங்கைக் கறுவா. அதை அதிகம் வாங்கும் நாடுகளில் மெக்சிகோவும் ஒன்று. விரலால் நொறுங்குகிற மெல்லிய சுருள் அது, மிக்சியில் மாவாகிவிடும். தடிப் பட்டைதான் இருக்கிறதென்றால் பாதி அளவு போதும், இல்லையென்றால் குழம்பில் அதுவே மேலேறி நிற்கும்.

மிளகாயைத் தனியாகவும் மற்றதைத் தனியாகவும் அரைக்க வேண்டும். ஒன்றாகப் போட்டால் எள் நைவதற்குள் மிளகாய் சூடேறிவிடும். மிக்சி சுற்றத் தேவையான தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். இரண்டு விழுதையும் சல்லடையில் கரண்டியால் தேய்த்து வடிகட்டுங்கள். சலிப்பான வேலைதான். தவிர்த்தால் மிளகாய்த் தோல் நாக்கில் காகிதம் மாதிரி ஒட்டும்.

இனி அடிகனமான, ஆழமான பாத்திரம். மூன்று மேசைக்கரண்டிக் கொழுப்பு நன்றாகக் காய்ந்ததும் மிளகாய் விழுதை ஊற்றுங்கள். தெறிக்கும், பாதி மூடிவைத்துக் கிளறுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் விழுது இருண்டு, கரண்டியை இழுத்தால் பாத்திரத்தின் அடி தெரிந்து மெல்ல மூடும். எண்ணெய் பிரிய வதக்குவது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, அதேதான். பச்சை வாடை போவது இங்கேதான், பின்னால் எவ்வளவு கொதிக்க விட்டாலும் இதை ஈடுகட்ட முடியாது. அடுத்து இரண்டாவது விழுது, இன்னொரு பத்து நிமிடம். அதன் பிறகு கோழி வெந்த தண்ணீர் ஒரு லிட்டர், சிறு தீயில் முக்கால் மணி நேரம். எள்ளும் ரொட்டியும் சேர்ந்ததால் அடிப்பிடிக்கும், பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

சாக்லேட் கடைசிக் கால்மணி நேரத்தில்தான். மெக்சிகோவின் சமையல் சாக்லேட் சர்க்கரையும் கறுவாவும் சேர்த்த, நறநறவென்ற வட்டு. 90 கிராம் வட்டில் பாதி. அது கிடைக்காவிட்டால் 70 சதவீத கறுப்புச் சாக்லேட் 30 கிராமும் சர்க்கரை ஒரு மேசைக்கரண்டியும். பால் சாக்லேட் வேண்டவே வேண்டாம், குழம்பு மிட்டாய் வாசனை அடிக்கும். உப்பைச் சாக்லேட்டுக்குப் பிறகு சரிபாருங்கள். என்னவோ குறைகிறது என்று தோன்றினால் பெரும்பாலும் குறைவது உப்புதான். சர்க்கரைக்குக் கையை நீட்டுவது அதற்கப்புறம்.

இப்போது கைவசம் இருக்கும் கசந்த குழம்பு. கசப்பு லேசாக இருந்தால் சுட்ட தக்காளி இரண்டும் ஒரு பிடி உலர்திராட்சையும் அரைத்துச் சேர்த்து, கோழித் தண்ணீர் விட்டு அரை மணி நேரம் கொதிக்க வையுங்கள். தீய்ந்த வாடையே வந்தால் மீட்க முடியாது. இன்னும் சாக்லேட்டைச் சேர்த்தால் கொக்கோவின் கசப்பும் கூடும், சர்க்கரையைக் கொட்டினால் கசப்பு ஒரு பக்கமும் இனிப்பு ஒரு பக்கமுமாக நிற்கும்.

ஊரில் ஆஞ்சோ கிடைக்காது என்பவர்களுக்கு: காஷ்மீர் மிளகாய் நிறத்தைத் தரும், காரமும் ஏறக்குறைய ஒத்துவரும், ஆனால் அந்தப் பழ வாசனையும் சதைப்பற்றும் வராது. அதில் 80 கிராம் எடுத்து, உலர்திராட்சையை இரட்டிப்பாக்கி, இரண்டு பேரீச்சம்பழம் சேர்த்தால் சாப்பிட நன்றாகவே இருக்கும். விருந்தாளியிடம் மட்டும் மோலே பொப்லானோ என்று சொல்லாதீர்கள். காஷ்மீர் மிளகாயின் தோல் மெல்லியது, எண்ணெயில் ஐந்து விநாடிக்கு மேல் தாங்காது.

சிலர் இருபத்தைந்து சாமானுக்குக் குறைந்தால் மோலேயே இல்லை என்பார்கள். வீட்டுக்கு வீடு மாறுகிற குழம்பு இது, அவர்கள் அளவு அவர்களுக்கு. கோழியைத் தனியாக வேகவைத்து, பரிமாறும்போது மேலே குழம்பை ஊற்றி எள் தூவுங்கள். வான்கோழி கிடைத்தால் இன்னும் பொருத்தம். சோற்றோடும் தொர்த்தியாவோடும் போகும். முடிந்தால் முந்தைய நாளே செய்துவையுங்கள், மறுநாள் சாமான்களெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும். ஆறியதும் களி மாதிரி இறுகும். சூடாக்கும்போது பச்சைத் தண்ணீர் விடாமல் கோழித் தண்ணீரையே கொதிக்க வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், கரண்டியின் முதுகில் படிந்து நிற்கும் பதம் வரும்வரை.