போஸ்டர் ஒட்டும் முன்: சேலத்துக் கேள்விகளும் பதில்களும்

செவ்வாய்ப்பேட்டை மாணவர்: அண்ணா, திருமணிமுத்தாறு பத்தி போஸ்டர் பண்றோம். சாயக்கழிவு, சாக்கடை, குப்பை மூணையும் ஒரே தாள்ல காட்டலாமா?

வேண்டாம் தம்பி. மூன்றையும் திணித்தால் யாரைக் கேட்கிறீர்கள் என்றே தெரியாது. சாயக்கழிவுக்குச் சாயப்பட்டறைக்காரரும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் பதில் சொல்ல வேண்டும், சாக்கடைக்கு மாநகராட்சி. இதை விட்டுவிட்டுப் பாலத்தில் நடந்துபோகிறவரைத் திட்டும் போஸ்டர்கள்தான் அதிகம் வருகின்றன, எனக்கு அதில் உடன்பாடில்லை. ‘ஆற்றைக் காப்போம்’ என்றால் எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ‘இந்தச் சாயம் எந்தக் குழாயிலிருந்து?’ என்று கேளுங்கள்.

படமும் ஒன்றே போதும். ஜப்பானியச் சுவரொட்டி ஓவியர் ஷிகெயோ ஃபுகுடா 1975இல் செய்த போர் எதிர்ப்புச் சுவரொட்டியில் ஒரு பீரங்கிக் குழல், அதை நோக்கியே திரும்பிப் பாயும் குண்டு, அவ்வளவுதான். திசையை மட்டும் மாற்றியிருக்கிறார். உங்களுக்கு, வேட்டிக் கரையின் சாயம் கீழே வழிந்து ஆறாகிற படம் போதும்.

அஸ்தம்பட்டி: எழுத்து எவ்வளவு பெருசா இருக்கணும்?

பத்து அடி தூரத்துக்கு ஒரு அங்குல உயரம் என்று கணக்கு வையுங்கள். சாலைக்கு எதிர்ப்புறம், முப்பது அடியில் நிற்பவருக்கு மூன்று அங்குலம். 20 × 30 அங்குலத் தாளில் அந்த அளவில் ஒரு வரிக்கு ஆறேழு எழுத்துதான் பிடிக்கும். ஆக, தலைப்பு நாலைந்து சொல்லுக்கு மேல் போகக் கூடாது. மேல் வரியில் ‘ணூ’, அதன் நேர்கீழே ‘கீ’ வந்தால் அதன் வால் இதன் சுழியில் இடிக்கும். வரி இடைவெளி எழுத்தளவில் 130 முதல் 140 சதவீதம் விடுங்கள்.

சூரமங்கலம்: பிரஸ்ல கொம்பு, கால் எல்லாம் இடம் மாறி அச்சாயிடுச்சு சார். ஏன்?

உங்கள் எழுத்துரு அவர்கள் கணினியில் இல்லை. கோரல்டிராவில் கன்ட்ரோல்+கியூ அழுத்தி எழுத்தைக் கர்வாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டுப் படமாக மாற்றிவிட்டு பிடிஎஃப் கொடுங்கள். திருத்துவதற்கு அசல் கோப்பைத் தனியாக வையுங்கள். ஃபோட்டோஷாப்பிலேயே உடைந்து தெரிந்தால், டைப் அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வு போடவில்லை என்று பொருள்.

கொண்டலாம்பட்டி: சிவப்புத் தலைப்பு பளிச்சுன்னு இருக்குமே?

முதல் சில நாள் இருக்கும். வெயிலில் மஞ்சள் மையும், மெஜந்தா என்கிற ஊதாச்சிவப்பு மையும்தான் முதலில் வெளுக்கும், சிவப்பு என்பது அந்த இரண்டின் கலவை. கடைசியில் மிஞ்சுவது நீலமும் கறுப்பும். கேள்வியைக் கறுப்பில் போடுங்கள், அதுவும் தனிக் கறுப்பு மையில். நாலு மையும் கலந்த கறுப்பென்றால், அச்சுப் பிளேட் இம்மி நகர்ந்தாலும் எழுத்தோரம் நிழல் தட்டும்.

ஏற்காடு: பனியில ரெண்டே நாள்ல உரிஞ்சு தொங்குதுங்க.

தாள் தடிமனாக இருக்கும். 130 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் 130 கிராம்) ஆர்ட் தாள், அதாவது வழவழப்புப் பூச்சுள்ள தாள், மூலையில் சுருண்டு எழும்பும். 60 அல்லது 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ, அதாவது பூச்சில்லாத சாதாரண அச்சுத்தாள், சுவரோடு படியும். பசைக்கு நம்மூர் மரவள்ளி மாவே போதும். 100 கிராமை 200 மில்லி பச்சைத்தண்ணீரில் கரைத்து, கொதிக்கும் 800 மில்லியில் ஊற்றிக் கண்ணாடி போலத் தெளியும்வரை கிளறுங்கள். மாவை நேரே வெந்நீரில் கொட்டினால் கட்டி தட்டும். ஈரச் சுவரைத் துடைத்துவிட்டு, சுவரிலும் ஒட்டிய தாளின் மேலும் பூசுங்கள். மாடு தின்னாமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அது மாட்டுக்கு விஷம், சேர்க்காதீர்கள்.

ஆத்தூர் ஆசிரியை: குழந்தைத் திருமணத்துக்கு எதிரா ஒரு சிறுமியோட போட்டோ போடலாமா?

கூடாது மேடம். 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு இப்படிப்பட்ட குழந்தையை அடையாளம் காட்டுவதைத் தடுக்கிறது. மாலை போட்ட குழந்தை முகமும் பார்த்துச் சலித்த படம். வருகைப் பதிவேட்டின் ஒரு பக்கத்தைப் போடுங்கள்: ஒரு வரியில் மட்டும், பெயரை மறைத்து, பாதிக்கு மேல் கட்டங்கள் காலி. கீழே குழந்தைகள் உதவி எண் 1098, எல்லாவற்றையும்விடத் தடித்த எழுத்தில்.

ஐந்து ரோடு: யார்கிட்ட அனுமதி வாங்கணும்?

தனியார் சுவர் என்றால் உரிமையாளரிடம், எழுத்தில். அரசுச் சுவர், பாலத் தூண் பக்கமே போக வேண்டாம். சுவர்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959லிருந்தே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது.

ஏற்காடு கடைக்காரர்: பிளாஸ்டிக் ஒழிப்பு வாசகத்த ஃபிளெக்ஸ்ல அடிச்சா மழைக்குத் தாங்குமே?

தாங்கும். ஆனால் ஃபிளெக்ஸே பிவிசி பிளாஸ்டிக்தானே ஐயா! காடாத் துணியில் பெயின்ட்டால் எழுதி, மேலும் கீழும் மூங்கில் குச்சி கோத்துக் கடை முகப்புக்குள் தொங்கவிடுங்கள்.