கோதுமையை நிறுத்தின பிறகு எடுத்த சீலியாக் டெஸ்ட் நெகட்டிவ்னா நம்பலாமா?

நம்ப முடியாதுங்க. சீலியாக்ங்கறது க்ளூட்டன் (கோதுமை, பார்லில இருக்கற புரதம்) உள்ள போனா உடம்போட எதிர்ப்பு சக்தியே சிறுகுடலைத் தாக்கற நோய். மூணு மாசமா கோதுமையே தொடலைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, நெகட்டிவ் வந்ததுக்கு அனேகமா அதுவே காரணமா இருக்கலாம். இந்த டெஸ்ட்ல பாக்கற டிடிஜி ஐஜிஏ ஆன்டிபாடி (ரத்தத்துல இருக்கற எதிர்ப்புப் புரதம்) க்ளூட்டன் உள்ள போயிட்டு இருந்தாத்தான் ஏறி நிக்கும், நிறுத்திட்டா மெதுவா இறங்கி நார்மலுக்கே வந்துடும், அப்புறம் நோய் இருந்தாலும் ரிப்போர்ட் சுத்தமா தெரியும்.

முதல்ல ரிப்போர்ட்ல டோட்டல் ஐஜிஏ, அதாவது ரத்தத்துல இருக்கற மொத்த ஐஜிஏ அளவு, பாத்திருக்காங்களான்னு பாருங்க (பல லேப்ல தனியா கேட்டாத்தான் பண்ணுவாங்க). அது ரொம்ப கம்மின்னா இந்த நெகட்டிவுக்கு மதிப்பே இல்ல, டிஜிபி ஐஜிஜி மாதிரி, ஐஜிஜிங்கற வேற வகை ஆன்டிபாடியைப் பாக்கற டெஸ்ட் எடுக்கணும்.

டோட்டல் ஐஜிஏ நார்மலோ கம்மியோ, எந்த ஆன்டிபாடி டெஸ்டா இருந்தாலும், டாக்டர்கிட்ட பேசிட்டு தினமும் ஒரு வேளைக்கு மேல க்ளூட்டன் சேர்த்து, குறைஞ்சது 6 வாரம் கழிச்சு திரும்ப எடுங்க. சாப்பிடவே முடியலைன்னா சீலியாக் வர்றதுக்குத் தேவையான ஹெச்எல்ஏ டிக்யூ2, டிக்யூ8 ஜீன் வகைகள் இருக்கான்னு பாக்கற டெஸ்ட் கேளுங்க, அதுக்கு டயட் பிரச்சினை இல்ல. ரெண்டுமே இல்லைன்னா சீலியாக் கிட்டத்தட்ட இல்லைன்னு விட்டுடலாம், இருந்தா மட்டும் ஒண்ணும் நிரூபணம் ஆகாது, நல்லா இருக்கற எத்தனையோ பேருக்கும் அது இருக்கும்.

ஆன்டிபாடி டெஸ்ட் பாசிட்டிவ் வந்தா உடனே கோதுமையை நிறுத்திடாதீங்க, எண்டோஸ்கோபி பயாப்ஸி (குழாய் விட்டு சிறுகுடல்ல இருந்து சின்ன துண்டு எடுத்துப் பாக்கறது) முடியற வரைக்கும் சாப்பிடணும். நடுவுல வயிறு ரொம்ப மோசமானா மட்டும் டாக்டருக்கு உடனே சொல்லுங்க.