சென்னை மாநாட்டுக்கு நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: திருகோணமலையில் உள்ளூராட்சி சபையின் கீழ் இயங்கும் பொது நூலகமொன்றில் பணிபுரிகிறேன். சென்னையில் நடைபெறவிருக்கும் நூலக, தகவல் அறிவியல் மாநாட்டில் என் கட்டுரையை ஏற்றிருக்கிறார்கள். பதிவுக் கட்டணம், பயணம், தங்குமிடம் எல்லாமாக ஏறத்தாழ 1,60,000 ரூபாய் தேவை. கையில் 60,000 இருக்கிறது. 4 இலட்சம் ரூபாய் நிலையான வைப்பு முதிர்ச்சியடைய இன்னும் 4 மாதங்கள் உள்ளன. வைப்பை உடைப்பதா, சங்கிலியை அடகு வைப்பதா?

பதில்: இரண்டும் வேண்டாம். குறையும் ஒரு இலட்சத்தை அந்த வைப்பின் மீதே கடனாகப் பெறலாம். உதாரணத்துக்கு, ஓராண்டு வைப்புக்கு 8 வீதமும் அதன் மீதான கடனுக்கு 11 வீதமும் வட்டி என்று கொள்வோம். 4 மாதங்களுக்கு நீங்கள் கட்டும் வட்டி ஏறத்தாழ 3,700 ரூபாய். வைப்போ முழுத்தொகைக்கும் தொடர்ந்து வட்டி ஈட்டிக்கொண்டிருக்கும். மாறாக இடையில் உடைத்து, கடந்த 8 மாதங்களுக்கு வங்கி 5 வீதமே தந்தால், அதிலேயே 8,000 ரூபாய் போய்விடும். உண்மையான வீதங்களை உங்கள் கிளையில் கேட்டு இந்தக் கணக்கை நீங்களே மறுபடி போட்டுப் பாருங்கள். அடகைப் பொறுத்தவரை எனக்கு வட்டியைவிடப் பெரிய கவலை ஒன்றுண்டு: தங்கத்தின் விலை ஏறியிருக்கும்போது கேட்டதைவிடக் கூடுதலாகவே தருவார்கள், கூடுதலாகக் கிடைப்பது கூடுதலாகவே செலவாகும், தவணை தப்பினால் ஏலம் வரை போகும்.

ஆனால் கடன் வாங்குவதற்கு முன் நிதியுதவி கேட்டுச் சபைக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். பணம் கிடைக்காவிட்டாலும் கடமை விடுமுறையும் வெளிநாடு செல்வதற்கான அனுமதியும் உங்களுக்குத் தேவை. அவை கைக்கு வருமுன் மீளப்பெற முடியாத விமானச்சீட்டை வாங்குவது வீண் துணிச்சல். ஏற்பாட்டாளர்களிடம் அழைப்புக் கடிதத்தைப் பெற்று, எந்த வகை விசா பொருந்தும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்; இந்தியாவில் மாநாட்டு விசா தனி வகை. கட்டணச் சலுகையையும் தயங்காமல் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. அத்துடன், கட்டணம் வாங்குவதற்காகவே எந்தக் கட்டுரையையும் ஏற்கும் மாநாடுகளும் உலகில் உண்டு என்பதால், ஏற்பாட்டுக் குழுவில் இருப்பவர்கள் யார், முந்தைய மாநாடுகளின் கட்டுரைத் தொகுப்புகள் வெளிவந்தனவா என்று பாருங்கள். இதை உங்களைவிட நன்றாகத் தேடக்கூடியவர் யார்?

பயணச் செலவில் கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்கா விமான நிலையத்தை மட்டும் கணக்கிட்டிருக்கிறீர்களா? யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்தும் சென்னைக்கு விமானம் உண்டு. சீட்டு சற்று விலை கூடினாலும், திருகோணமலையிலிருந்து கொழும்புப் பக்கம் போய் ஓரிரவு தங்கும் செலவையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். பொதி எடை வரம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டுரை வாசிக்காமல் வெறும் பார்வையாளராகப் போவதாக இருந்தால் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கச் சொல்லியிருப்பேன். உங்கள் நிலை வேறு. பதவி உயர்வுக்கான கோப்பில் சேர்க்கத்தக்க தகுதியைத் தரும் செலவு இது. இணையவழியில் வாசிக்க இடமிருந்து, சபையின் அனுமதியும் தாமதமானால், பதிவுக் கட்டணத்தை மட்டும் கையிருப்பிலிருந்து செலுத்துங்கள், கடனே தேவைப்படாது.