உண்ணிச்செடியும் களாவும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற கட்டுரையில் உண்ணிச்செடியை வேரோடு பிடுங்கச் சொல்லியிருந்தீர்கள். என் தோட்டத்துக்கு வேலியே அதுதான். ஆண்டு முழுவதும் பச்சை, இலையைக் கசக்கினால் மணம், கறுத்த பழங்களுக்காக நாள் தவறாமல் வரும் சின்னான்கள். பறவைக்குச் சோறு போடும் செடியை அழிக்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சின்னான்மீது எனக்குப் புகார் இல்லை. பழத்தைத் தின்னும், விதையை வேறொரு புதரடியில் எச்சமாகப் போடும். சிக்கலே அங்கேதான். உண்ணிச்செடி அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுக்காகக் கொண்டுவரப்பட்டது. இன்று முதுமலைக் காட்டையே அது மூடிக் கிடப்பதில் பறவைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. இலை நஞ்சு, தின்றால் ஈரல் கெடும் என்பதால் ஆடுமாடுகளும் பெரும்பாலும் வாய் வைப்பதில்லை. பிறகு அதைத் தடுக்க யார் இருக்கிறார்கள்?

வேலியை வெறுமையாக்கச் சொல்லவில்லை. களா வையுங்கள். அதுவும் பசுமை மாறாதது. மணம் இலையில் இல்லை, பூவில். மல்லிகையை நினைவூட்டும் வெள்ளைப் பூ. ஊறுகாய்க்கு ஆகும் பெரிய களாவைவிடப் பறவைகளுக்குச் சிறுகளாதான் தோது. சிவந்து பிறகு கறுக்கும் அந்தச் சின்னப் பழம் சின்னானின் அலகுக்கு அளவெடுத்ததுபோல் இருக்கும். சோழமண்டலக் கரையோரத்து உலர் பசுமைமாறாக் காடுகளில், இன்று பெரும்பாலும் கோயில் காடுகளாக எஞ்சி நிற்பவற்றில், அதை இயல்பாகவே பார்க்கலாம். அங்கும் விதை தூவுவது இதே பறவைகள்தான். கைக்கு எட்டாத பலாக்காயைவிட எட்டும் களாக்காய் மேல் என்பார்கள். புகழ்வதுபோல் புகழ்ந்து களாவைத் தாழ்த்திவிட்ட பழமொழி அது. பலாவை எந்தச் சின்னானால் விழுங்க முடியும்?

மொத்த வேலியையும் ஒரே நாளில் சாய்த்துவிடாதீர்கள். உள்ளே கூடு இருக்கலாம். ஒரு பக்கமாக எடுத்துக்கொண்டே வாருங்கள், பழுப்பதற்கு முன்பே. வேர்க்கட்டையை விட்டுவைத்தால் மறுபடி துளிர்க்கும். களா விதை சீக்கிரம் முளைப்புத்திறனை இழந்துவிடும் என்பதால் பழத்திலிருந்து எடுத்த கையோடு ஊன்றிவிடுங்கள். காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை மறுபக்கத்து உண்ணிச்செடி கொஞ்சம் நிற்கட்டும், சின்னான்களுக்காக அல்ல, உங்கள் வேலிக்காக.