90 பேர் வருவார்கள், 53 பேர் தங்குவார்கள்: கிரீன் பே பேக்கர்ஸ் கேள்வி பதில்

விஸ்கான்சினுக்கு வந்து பல வருடம் ஆகிறது. இங்கே கிரீன் பே ஊரின் அணிதான் பேக்கர்ஸ், ஆடுவது அமெரிக்க ஃபுட்பால். வந்த புதிதில் இந்த ஆட்டம் எனக்கும் தலையும் வாலும் புரியாத ஒன்றுதான். இப்போது ஜூலை பிறந்தாலே நண்பர்கள் ஆளுக்கொரு கேள்வியோடு வந்துவிடுகிறார்கள். இந்த முறை வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: செப்டம்பரில்தானே ஆட்டம்? இவர்கள் ஏன் ஏப்ரலிலிருந்தே தயாராகிறார்கள்?

ஏப்ரலில் தொடங்குவது உடற்பயிற்சியும் பாடமும்தான். ஏப்ரல் கடைசியில் டிராஃப்ட். கல்லூரி வீரர்களை ஏழு சுற்றுகளில் என்எஃப்எல் லீகின் 32 அணிகளும் முறைவைத்து எடுத்துக்கொள்ளும். ஏலம் கிடையாது, பணத்தைக் காட்டி யாரையும் இழுக்க முடியாது. பொதுவாக, போன சீசனில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. 2025இல் இந்த டிராஃப்ட் கிரீன் பேயிலேயே நடந்தது. ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர், திருவிழாக் கூட்டத்தில் மூச்சுத் திணறிப்போனது. மே, ஜூனில் கவசம் இல்லாத பயிற்சி, அப்புறம் ஒரு மாத விடுப்பு. உண்மையான முகாம் தொடங்குவது ஜூலை கடைசியில்தான்.

கேள்வி: சின்ன வயதிலிருந்து ஆடுகிறவர்களுக்கு மறுபடியும் என்ன சொல்லித்தருவார்கள்?

அடிப்படையைத்தான். 1960 சீசனின் இறுதி ஆட்டத்தில் பேக்கர்ஸ் பிலடெல்பியாவிடம் தோற்றது. அடுத்த கோடை முகாமில் பயிற்சியாளர் வின்ஸ் லம்பார்டி பந்தைக் கையில் தூக்கிப் பிடித்து, "இதுதான் ஃபுட்பால்" என்று பாடத்தை ஆரம்பித்தாராம். அந்த சீசன் முடிவில் நியூயார்க் ஜெயன்ட்ஸை 37-0 என்று அடித்து சாம்பியன் ஆனார்கள். கதையை விடுங்கள், காரணம் இதுதான்: ஒவ்வொரு ஆட்டத் திட்டத்திலும் 11 பேருக்கும் தனித்தனி வேலை. ஒருவர் அரை நொடி பிசகினால், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் தரையில் கிடப்பார். அதனால்தான் பயிற்சியில் அவருக்கு மட்டும் சிவப்புச் சட்டை, அவரை யாரும் இடிக்கக்கூடாது என்பதற்காக.

கேள்வி: இந்த அணிக்கு முதலாளியே இல்லை என்கிறார்களே, நிஜமா?

நிஜம். 5 லட்சத்துக்கும் அதிகமான பங்குதாரர்கள். கடைசியாக 2021-22இல் பங்கு ஒன்றை 300 டாலருக்கு விற்றார்கள். லாபப் பங்கு கிடையாது, பிறருக்கு விற்று லாபம் பார்க்கவும் முடியாது. சுவரில் மாட்டிவைக்கலாம், அவ்வளவுதான். முகாம் தொடங்கும் சமயத்தில் அணியின் சொந்த மைதானமான லாம்போவிலேயே ஆண்டுக் கூட்டம் நடக்கும்.

கேள்வி: சீசனுக்கு முன் நடக்கும் பிரீசீசன் ஆட்டங்களில் நட்சத்திர வீரர்கள் ஓரமாகத் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். இதைக் காசு கொடுத்துப் பார்க்க வேண்டுமா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

சீசன் 17 ஆட்டங்களாக நீண்ட 2021லிருந்து பிரீசீசன் ஆட்டங்கள் மூன்றுதான். ஜெயித்தாலும் தோற்றாலும் கணக்கில் வராது. நட்சத்திரத்தை இறக்கி முழங்காலை உடைத்துக்கொள்ள எந்தப் பயிற்சியாளருக்கும் மனம் வராது. அவர்களுக்கான பழக்கம், வேறோர் அணியோடு சேர்ந்து நடத்தும் கூட்டுப் பயிற்சியிலேயே கிடைத்துவிடும். அதனால் முதல் பாதி முடிந்ததும் பலர் காரை எடுக்கக் கிளம்பிவிடுவார்கள். நான் அப்போதுதான் நிமிர்ந்து உட்காருவேன்.

முகாமுக்கு வருவது சுமார் 90 பேர். ஆகஸ்ட் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமைக்குள் 53 ஆகக் குறைக்க வேண்டும். 32 அணிகளையும் சேர்த்தால் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தச் சில நாட்களில் வேலை இழக்கிறார்கள். 53இல் நாற்பத்தைந்து இடங்களாவது யாருக்கு என்று முகாமுக்கு முன்பே ஊருக்கே தெரியும் என்பது என் கணக்கு. சண்டை மிச்சம் இருக்கும் ஏழெட்டு இடங்களுக்குத்தான். அந்தச் சண்டை நடப்பது நான்காம் கால்பகுதியில், பாதி காலியான மைதானத்தில்.

அங்கே யார் பந்தைப் பிடித்தார்கள் என்பதை மட்டும் பார்க்காதீர்கள். பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்கும் கிக்காஃப் நேரத்தில் யார் பாய்ந்து போய் ஆளைச் சாய்க்கிறார்கள் என்று பாருங்கள். பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களில் ஐந்தாவது ஆளுக்குப் பந்து வரும் வாய்ப்பே குறைவு. அவரை அணியில் வைத்திருப்பது இந்த மாதிரி எடுபிடி வேலைதான்.

கேள்வி: வெளியே அனுப்பப்படுகிறவருக்கு என்ன ஆகும்? சம்பளம் உண்டா?

முகாம் நாட்களில் கிடைப்பது சிறு படிதான். அடிப்படைச் சம்பளம் சீசன் தொடங்கிய பிறகுதான் வாராவாரம் வரும். 2025இல் புதியவரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 8,40,000 டாலர். 53வது ஆளுக்கு அது உண்டு, 54வது ஆளுக்கு இல்லை.

செய்தியைச் சொல்ல ஓர் ஊழியர் வருவார். அவருக்கு வீரர்கள் வைத்த பட்டப்பெயர் 'துருக்கியர்'. "கோச் உன்னைப் பார்க்க வேண்டுமாம், பிளேபுக்கையும் எடுத்துக்கொண்டு வா" என்பது பழைய வசனம். ஆட்டத் திட்டங்கள் அடங்கிய அந்தப் புத்தகம் இப்போது டேப்லெட் ஆகிவிட்டது, வயிற்றைக் கலக்குவது மட்டும் மாறவில்லை. அனுபவம் குறைந்தவர் என்றால் மற்ற அணிகள் அவரைக் கேட்டு வாங்க ஒரு நாள் அவகாசம். யாரும் கேட்காவிட்டால் பழைய அணியே பிராக்டிஸ் ஸ்குவாடில், அதாவது பயிற்சிக்கான துணைக் குழுவில், சேர்த்துக்கொள்ளலாம். அதில் 16 இடம், வாரச் சம்பளம். அதுவும் கிடைக்காதவர் ஊருக்குப் போக வேண்டியதுதான்.

அப்படிப் போனவர்களில் ஒருவர் கர்ட் வார்னர் என்ற குவார்ட்டர்பேக். 1994இல் இதே கிரீன் பே முகாமுக்கு வந்தார். முன்னால் அணியின் முதன்மை குவார்ட்டர்பேக் பிரெட் ஃபார்வ் நின்றுகொண்டிருந்தார், இடமில்லை, அனுப்பிவிட்டார்கள். அயோவாவில் ஒரு மளிகைக் கடையில் மணிக்கு 5.50 டாலருக்கு இரவில் அலமாரி அடுக்கினார். பிறகு உள்ளரங்க ஃபுட்பால், ஆம்ஸ்டர்டாமில் ஒரு சீசன் என்று சுற்றி செயின்ட் லூயிஸ் ராம்ஸுக்கு மாற்று வீரராக வந்து சேர்ந்தார். 1999 ஆகஸ்டில், யாரும் மதிக்காத ஒரு பிரீசீசன் ஆட்டத்தில் முதன்மை குவார்ட்டர்பேக் டிரென்ட் கிரீனின் முழங்கால் போனது. வார்னர் இறங்கினார். அந்த சீசனில் புள்ளி தேடித்தந்த 41 டச் டவுன் பாஸ், லீகின் சிறந்த வீரர் விருது, சாம்பியனை முடிவு செய்யும் சூப்பர் பவுலில் வெற்றி. இப்போது சொல்லுங்கள், காசு வீணா?

கேள்வி: அணியை இறுதி செய்த பிறகு மாற்றமே கிடையாதா?

இரண்டு நாள்கூடத் தாங்காது. 2025 ஆகஸ்ட் 28 அன்று, முதல் ஆட்டத்துக்குப் பத்தே நாள் இருக்கையில், டாலஸ் அணியின் நட்சத்திரத் தடுப்பு வீரர் மைக்கா பார்சன்ஸை பேக்கர்ஸ் வாங்கியது. விலை: இரண்டு முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகள், கூடவே பேக்கர்ஸ் வீரர் கென்னி கிளார்க். ஏப்ரலிலிருந்து போட்ட திட்டமெல்லாம் ஒரே மதியத்தில் மாறியது.

கேள்வி: அந்த வெயிலில் இவ்வளவு கவசத்தோடு ஓடுவது ஆபத்தில்லையா?

ஆபத்துதான். 2001இல் மினசோட்டா வைகிங்ஸின் கோரி ஸ்ட்ரிங்கர் முகாமில் வெப்பத்தால் சுருண்டு விழுந்து, மறுநாள் ஆகஸ்ட் 1 அன்று இறந்தார். வயது 27. அதற்குப் பிறகுதான் வெப்ப விஷயத்தில் அணிகள் விழித்துக்கொண்டன. முன்பெல்லாம் காலை, மாலை இரண்டு வேளையும் முழுக் கவசத்தோடு மோதுவார்கள். 2011 ஒப்பந்தத்தில் வீரர் சங்கம் அதை ஒழித்தது. இப்போது முதல் சில நாட்கள் கவசமே கிடையாது. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொகுசு" என்று புலம்பும் பெரியவர்களை இங்கேயும் பார்க்கலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

கேள்வி: மகளுக்கு ஏழு வயது. முகாமைப் பார்க்கக் கூட்டிப்போகலாமா?

தாராளமாக. லாம்போவுக்கு அருகே ரே நிட்ஷ்கி மைதானத்தில் நடக்கும் திறந்த பயிற்சிகளுக்குக் கட்டணம் இல்லை. எந்தெந்த நாள் என்பதை அணியின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். மறக்காமல் அவளுடைய சைக்கிளையும் காரில் ஏற்றிக்கொள்ளுங்கள். லம்பார்டி காலத்திலிருந்து வரும் வழக்கம் இது: வீரர்கள் பயிற்சிக்குப் போக வர அங்கே நிற்கும் பிள்ளைகளின் சைக்கிளை இரவல் வாங்கி ஓட்டுவார்கள். 140 கிலோ ஆள் முழங்கால் தாடையில் இடிக்க இளஞ்சிவப்பு சைக்கிளை மிதிப்பார், பிள்ளை அவருடைய ஹெல்மெட்டைச் சுமந்துகொண்டு பக்கத்தில் ஓடும். சீட்டைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள், டயரில் காற்றும் நிறைய இருக்கட்டும்.

ஒன்று மட்டும். முகாமில் ஒரே எண்ணுள்ள சட்டையை இரண்டு பேர் போட்டிருப்பது சகஜம். அதனால் எண்ணை நம்பாமல், ஓட்டியவரின் பெயரை அவளையே கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆகஸ்ட் கடைசிச் செவ்வாயன்று பட்டியலில் தேடத் தேவைப்படும்.